எத்தனை மாதம் தாங்கும்? வாடகை எகிறிய நகரத்துக்கு ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஆன்-கால் வாரம், அதாவது சிஸ்டம் எந்நேரம் பழுதானாலும் எழுந்து சரிசெய்ய வேண்டிய என் முறை. அதன் நான்காவது இரவு. மணி 2.40. தலையணை ஓரத்தில் போன் அலறியது. டேட்டாபேஸ் ஒன்று திணறுகிறது என்ற அதே எச்சரிக்கை, அன்றைக்கு மூன்றாவது முறை. லேப்டாப்பை மடியில் வைத்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, "போதும், நாளைக்கே பேப்பர் போட்டுவிடலாம்" என்று நினைத்தேன். அடுத்த நொடியே மனசுக்குள் இன்னொரு கணக்கு ஓடியது. வீட்டு ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. நடுவில் காலி செய்தால் முன்பணம் போச்சு. கையிருப்பு இரண்டு மாத வாடகைக்குக்கூடக் காணாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம்தான் வரவில்லை.

என்னை அந்த வேலையில் கட்டிப்போட்டிருந்தது மேனேஜர் இல்லை, வாடகை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வேலைக் களைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தியானம் செய், நடைப்பயிற்சி போ என்பார்கள். வீட்டுச் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிக்கனமாக இரு என்பார்கள். இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாடகை ஏற ஏற "என்னால் முடியாது" என்று சொல்லும் தைரியம் குறைகிறது. அது குறையக் குறைய வேலை தலைக்கு மேல் ஏறுகிறது. கடைசியில் களைத்துப் போனவனுக்கு வேறு வேலை தேடக்கூடத் தெம்பு இருப்பதில்லை. இந்த முடிச்சு விழுவதற்கு முன்பே செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். ஆறு வீடு மாறியவனின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஆஃபர் லெட்டரைச் சுருக்கிப் பாருங்கள்

முதல் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெரிய தொகையை மறந்துவிடுங்கள். அடிப்படைச் சம்பளம், போனஸ், பங்கு, காப்பீடு, ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் கட்டுவது என எல்லாம் அதில் கலந்து கிடக்கும். வாடகை கொடுக்க உதவுவது ஒன்றே ஒன்றுதான்: வரியும் பிடித்தமும் போக மாதாமாதம் வங்கியில் வந்து விழும் தொகை. அதை எச்.ஆரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு இது தினசரிக் கேள்வி.

பங்கு விஷயத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஆர்.எஸ்.யூ., அதாவது சம்பளத்தோடு நிறுவனம் தருவதாகச் சொல்லும் அதன் பங்குகளை, பெரும்பாலும் 4 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கையில் தருவார்கள். பல நிறுவனங்களில் முதல் தவணை கைக்கு வரவே ஒரு வருடம் ஆக வேண்டும். பதினோராவது மாதம் வேலை போனால் கிடைப்பது பூஜ்ஜியம். அதனால் பங்கை நம்பி வீடு பார்க்காதீர்கள். வந்தால் சேமிப்பில் சேரட்டும்.

இன்னொரு வரியைத் தேடிப் படியுங்கள். சேரும்போது தரும் போனஸும் ஊர் மாறும் செலவும் இலவசம் என்று நினைப்போம். ஒரு வருடத்துக்குள், சில இடங்களில் இரண்டு வருடத்துக்குள், நீங்களாக விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று உள்ளே ஓர் ஓரத்தில் எழுதியிருக்கும். அந்தப் பணத்தை வீட்டு முன்பணத்துக்குக் கொடுத்துவிட்டால், வேலையும் வீடும் ஒரே தேதி வரை உங்களைப் பூட்டிவிடும். நான் அப்படித்தான் மாட்டினேன்.

இரண்டாம் படி: தாங்கும் மாதத்தைக் கணக்கிடுங்கள்

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த ஏழைக் குடும்பங்களிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969இல் ப்ரூக் திருத்தம் என்ற சட்டத் திருத்தம் வந்தது. 1981இல் அதை 30 ஆக்கினார்கள். அரசு எவ்வளவு வசூலிக்கலாம் என்பதற்காகப் போட்ட கோடு அது. நாளைக்கு வேலை போனால் நீங்கள் எத்தனை நாள் தாங்குவீர்கள் என்பதை அது சொல்லாது.

நமக்கு வேண்டிய எண் வேறு. சேமிப்பை ஒரு மாதத்தின் குறைந்தபட்சச் செலவால் வகுத்தால் வருவதுதான் உங்கள் தாங்கும் மாதம். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மாதம் கைக்கு வரும் சம்பளம் 100 என்று வையுங்கள். வாடகை 30, மற்ற எல்லாச் செலவும் சேர்த்து 35. மாதம் 35 மிஞ்சும். ஒரு வருடத்தில் 420. வேலை போனால் மாதம் 65 வேண்டும். 420ஐ 65ஆல் வகுத்தால் ஆறரை மாதம்.

அதே ஆள், அதே சம்பளம். ஆனால் அலுவலகத்துக்குப் பக்கத்தில், ஜிம்மும் நீச்சல் குளமும் இருக்கும் வீட்டுக்கு 45 கொடுக்கிறார். மிஞ்சுவது 20, வருடக் கடைசியில் 240. மாதச் செலவு 80. வகுத்தால் வெறும் 3 மாதம்.

வாடகையில் கூடியது 15தான். தாங்கும் காலமோ பாதிக்கும் கீழே போய்விட்டது. வாடகை இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. சேமிப்பையும் குறைக்கும், சேமிப்பு கரையும் வேகத்தையும் கூட்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் உங்கள் எண்களோடு போட்டுப் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் தலையாட்டாதீர்கள். ஊருக்கு அனுப்பும் பணம், கல்விக் கடன் தவணை எல்லாம் குறைந்தபட்சச் செலவில் சேரும். வேலை போனால் அவை மட்டும் நின்றுவிடாது. வீட்டு முன்பணத்தைச் சேமிப்பில் சேர்க்காதீர்கள். அது உங்கள் பணம்தான், ஆனால் வீட்டைக் காலி செய்தால்தான் கைக்கு வரும்.

ஆறு மாதம் என்பது நல்ல இலக்கு. முதல் வருடத்தில் மூன்று மாதம் சேர்ந்தாலே மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசும் தொனி மாறிவிடும். இது மிகை இல்லை, என் குரலே மாறியதை நான் கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: தூரத்தில் இருந்தபடி கையெழுத்துப் போடாதீர்கள்

முதல் மூன்று நான்கு வாரத்துக்கு விடுதி, பேயிங் கெஸ்ட், நண்பர் வீட்டு ஓர் அறை என்று எதிலாவது ஒண்டிக்கொள்ளுங்கள். நிறுவனம் தற்காலிக இடம் தந்தால் கடைசி நாள் வரை பயன்படுத்துங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் "வேறு ஒருவரும் கேட்கிறார், டோக்கன் அட்வான்ஸ் மட்டும் அனுப்பிவிடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் அது மோசடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாடகை அந்தப் பகுதியின் நிலவரத்தைவிட வெகுவாகக் குறைவு, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், சாவி கூரியரில் வருமாம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் யோசிக்கவே வேண்டாம். விளம்பரப் படத்தை இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். அதே சமையலறை நான்கு நகரங்களின் விளம்பரத்தில் வந்து நிற்கும்.

நான்காம் படி: எங்கே, யாரோடு

வாடகையைக் குறைக்க எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தூரமாகப் போவது. கொஞ்சம் பொறுங்கள். புரூனோ ஃப்ரே, அலோயிஸ் ஷ்டுட்ஸர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் பல வருடம் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்தார்கள். தினமும் நெடுநேரம் பயணம் செய்கிறவர்களுக்குச் சம்பளத்திலோ வீட்டிலோ அதற்கு ஈடு ஏதோ கிடைத்திருக்க வேண்டும், ஆகவே மற்றவர்கள் அளவுக்கே திருப்தியோடு இருக்க வேண்டும் என்பது பொருளியல் எதிர்பார்ப்பு. ஆனால் பயணம் நீள நீள, தங்கள் வாழ்க்கை திருப்தியாக இல்லை என்றே அவர்கள் சொன்னார்கள். நாம் வாடகையைப் பார்த்து முடிவு செய்கிறோம், பயணத்தைக் குறைத்து மதிப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு பார்க்கப் போனால் எல்லா ஊரும் பக்கம்தான். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அந்த வீட்டு வாசலில் இருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாரத்துக்கு எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்பதை ஆஃபர் லெட்டரில் தேடுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஊர்க்கோடியில் வீடு பிடித்து, ஆறு மாதத்தில் "இனி எல்லோரும் வர வேண்டும்" என்ற மின்னஞ்சலைப் பார்த்து விழித்தவர்கள் நிறையப் பேர்.

என் கட்சி இதுதான்: தூரத்தைக் கூட்டுவதற்கு முன், ஆளைக் கூட்டுங்கள். தனி வீட்டைவிடப் பகிர்ந்த வீட்டில் தனி அறை பெரும்பாலும் நல்ல பேரம். காசு மட்டும் காரணமில்லை. ஊர் புதிது, சொந்தம் இல்லை, பேச்சுத்துணை எல்லாம் அலுவலகத்து ஆட்கள் என்று ஆகிவிட்டால் நாம் கரைந்துகொண்டிருப்பதைக் கவனிக்க வெளியாள் யாரும் இருக்க மாட்டார்கள். என்னோடு தங்கியிருந்த அண்ணன் ஒருவர் பள்ளி ஆசிரியர். ஐ.டி.யே தெரியாது. ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டே, "தூங்கும்போதுகூட அந்தப் போனைக் கையில பிடிச்சிட்டேதான் தூங்குறடா, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. என்னுடைய பர்ன்அவுட்டை, வேலையால் உள்ளே எரிந்து தீர்ந்துபோன நிலையை, முதலில் கண்டுபிடித்தது அவர்தான்.

ஆனால் பகிர்ந்த வீட்டில் ஒப்பந்தம் யார் பெயரில் என்று பாருங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால், ஒருவர் ஓடிப்போனாலும் முழு வாடகைக்கும் மீதிப் பேர் பொறுப்பு என்பதே பல நாடுகளில் நடைமுறை. அறைவாரியாகத் தனித்தனி ஒப்பந்தம் கிடைத்தால் நல்லது. உங்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை என்றால் அது இன்னும் ஆபத்து, நீங்கள் விருந்தாளி மட்டும்தான்.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தைப் பென்சிலோடு படியுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒப்பந்தத்தில் எவ்வளவு வாடகை என்பதைவிட முக்கியம், எப்படி வெளியேறுவது என்பது. நான் அடிக்கோடு போடும் இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் லாக்-இன். இத்தனை மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது என்பது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 11 மாத ஒப்பந்தத்தில் 11 மாதமும் லாக்-இன் என்றால் அது நீங்கள் வேலையில் இருந்தே தீருவீர்கள் என்று கட்டும் பந்தயம். "வேலை போனால் அல்லது வேறு ஊருக்கு மாற்றினால் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பத்தில் ஆறு பேர் மறுப்பார்கள், நாலு பேர் சரி என்பார்கள். கேட்காதவனுக்குப் பத்துப் பேரும் மறுத்த மாதிரிதான்.

அப்புறம் மாற்று ஆள். நீங்கள் போனால் உங்கள் இடத்துக்கு வேறு ஒருவரைக் கொண்டுவந்து விடலாமா? இதற்கு எழுத்தில் சம்மதம் இருந்தால் பாதிக் கவலை போய்விடும்.

வாடகை எப்போது, எவ்வளவு ஏறும்? "பரஸ்பரம் பேசி" என்று இருந்தால் அதற்கு அர்த்தம் உரிமையாளர் சொல்வதுதான். சதவீதத்தை எழுதச் சொல்லுங்கள்.

முன்பணம். இதில் ஊருக்கு ஒரு சட்டம். ஜெர்மனியில் பராமரிப்புச் செலவு நீங்கலான 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். இங்கிலாந்தில் 2019ஆம் வருடச் சட்டப்படி பெரும்பாலான வீடுகளுக்கு 5 வார வாடகைதான் உச்சம். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல், சிறு உரிமையாளர்களுக்கான விலக்கு போக, ஒரு மாத வாடகை. இந்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு 2 மாதம் என்கிறது. ஆனால் பெயரிலேயே இருப்பது போல அது மாதிரி மட்டும்தான், மாநிலங்கள் தாங்களாக ஏற்றால்தான் உயிர் வரும். தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம் 3 மாதம் என்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகமாகக் கேட்கிறவர்கள் உண்டு, கொடுக்கிறவர்களும் உண்டு. போகும் ஊரின் வரம்பைத் தெரிந்துகொண்டு போனால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். எத்தனை நாளில், எதை எதைக் கழித்துக்கொண்டு திருப்பித் தருவார் என்று எழுதி வாங்குங்கள். பெயின்ட் செலவு யார் தலையில் என்பதையும் சேர்த்து.

சாவி வாங்கிய அன்றே, ஒரு பெட்டியைக்கூட உள்ளே வைப்பதற்கு முன், போனில் வீடியோ எடுங்கள். பத்து நிமிடம் போதும். கதவு, ஜன்னல் கொக்கி, சுவரில் ஈரம் கசிந்த இடம், ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுவது, மின்சார மீட்டர் ரீடிங். குளியலறைக் கண்ணாடியின் மூலையில் இருக்கும் விரிசல்கூட. எடுத்ததை அன்றைக்கே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். நான் இதைச் செய்யாத வீட்டில் கழிவறைத் தொட்டி உடைந்திருந்தது என்று சொல்லி முக்கால் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நான் போகும் முன்பே உடைந்திருந்த தொட்டி அது.

ஆறாம் படி: வேலையில் முதல் மூன்று மாதம்

புரொபேஷன் எனும் சோதனைக் காலம் முடியும் வரை சோபா வாங்காதீர்கள். படுக்க மெத்தை, உட்கார்ந்து வேலை செய்ய நல்ல நாற்காலி, இரண்டும் போதும். மற்றதெல்லாம் பழைய பொருளாகவே கிடைக்கும்.

வீட்டில் இருந்து வேலை பார்ப்பவர் என்றால் கட்டிலில் உட்கார்ந்து வேலை செய்யும் பழக்கத்தை முதல் வாரமே விட்டுவிடுங்கள். சின்ன அறைதான், தெரியும். சுவரைப் பார்த்து ஒரு மடக்கு மேசை, முடிந்ததும் லேப்டாப்பை உறையில் போட்டு அலமாரியில் வைப்பது, அவ்வளவுதான். கண்ணில் படாவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும்.

ஆன்-கால் பற்றிச் சேரும் முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் இப்போது கேளுங்கள். எத்தனை பேர் சுழற்சியில் இருக்கிறார்கள்? ஓர் இரவில் சராசரி எத்தனை அழைப்பு? இரவு விழித்தவருக்கு மறுநாள் விடுப்பு உண்டா? சிஸ்டம் விழாமல் பார்த்துக்கொள்ளும் கூகுளின் எஸ்.ஆர்.இ. அணிகள் தங்கள் நடைமுறையை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்: 12 மணி நேர ஷிஃப்ட்டில் இரண்டு சம்பவத்துக்கு மேல் வரக் கூடாது என்பது அவர்கள் வைத்த அளவு. ஒரு சம்பவத்தைச் சரிசெய்து, காரணம் தேடி, எழுதி வைக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடிக்கும் என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் கணக்கு. உங்கள் அணியில் ஓர் இரவில் ஆறு முறை அலறுகிறது என்றால், உங்களுக்குத் திறமை போதவில்லை என்று அர்த்தமில்லை, சிஸ்டம் பழுது. அலாரம் அடித்த நேரம், காரணம், செலவான நிமிடம் மூன்றையும் ஒரு ஷீட்டில் குறித்துவாருங்கள். ஒரு மாதம் கழித்து மேனேஜரிடம் "களைப்பாக இருக்கிறது" என்று போகாதீர்கள், அந்த ஷீட்டோடு போங்கள்.

முதல் மாதம் இரவு பதினோரு மணிக்குப் பதில் போட்டால், பதினோரு மணிக்குப் பதில் போடுகிறவர் என்று உங்களுக்குப் பெயர் விழுந்துவிடும். அந்தப் பெயரை அழிப்பது கஷ்டம். பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. மற்ற ஊர்களில் அந்தச் சட்டத்தை நீங்களே உங்களுக்கு இயற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏழாம் படி: அடையாளம் தெரிந்து வைத்திருங்கள்

நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் தொண்டு செய்துகொண்டிருந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் இந்த நிலையைப் பர்ன்அவுட் என்ற பெயரில் எழுதினார். சோம்பேறிகளைப் பார்த்து அவர் எழுதவில்லை. ஆர்வத்தோடு வந்து, அளவு தெரியாமல் உழைத்து, உள்ளே எரிந்து சாம்பலானவர்களைப் பார்த்துத்தான் எழுதினார். அவரும் அவர்களில் ஒருவர்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆவது பதிப்பில் இதற்கு மூன்று அடையாளம் சொல்கிறது. சக்தி வற்றிய களைப்பு. வேலையின் மேல் விலகலும் வெறுப்பும். செய்வதெல்லாம் உருப்படாதது போன்ற உணர்வு. இதை அவர்கள் நோய் என்று வகைப்படுத்தவில்லை, சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணிநெருக்கடியால் வருவது என்கிறார்கள். அன்றாடத்தில் அது எப்படி இருக்கும்? ஸ்டாண்டப் எனும் அணியின் தினசரிக் குட்டிக் கூட்டத்தில் நீங்கள் பேசும் முறை வரும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஐந்து நிமிட வேலைக்கான டிக்கெட்டை, அதாவது சிஸ்டத்தில் உங்கள் பெயரில் பதிவான பணிக்குறிப்பை, இரண்டு நாள் திறந்து திறந்து மூடுவீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஆசையாக ஒரு யோசனை சொன்னால் எரிச்சல் வரும். ஞாயிறு மாலை நாலு மணிக்கே திங்கட்கிழமை ஆரம்பித்துவிடும்.

நேரம் மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். நேரம் முக்கியம்தான். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆனால் இதை ஆயுள் முழுக்க ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் ஆறு இடங்களைச் சுட்டுகிறார்கள்: வேலைப்பளு, நம் கையில் இருக்கும் அதிகாரம், கிடைக்கும் பலன், சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்பீடுகள். இந்த ஆறையும் எழுதி, ஒவ்வொன்றிலும் உங்களுக்கு எவ்வளவு திருப்தி, பத்துக்கு எத்தனை என்று போட்டுப் பாருங்கள். பளுதான் குறைவாக மதிப்பெண் வாங்கியது என்றால் இரண்டு வார விடுப்பு உதவும். நியாயம்தான் இரண்டு வாங்கியது என்றால் விடுப்பு முடிந்து வந்த மூன்றாம் நாளே பழைய நிலைக்குப் போய்விடுவீர்கள். அங்கே அணி மாற வேண்டும், அல்லது நிறுவனமே மாற வேண்டும்.

வேலை இல்லாத நாளிலும் எதிலும் சந்தோஷம் இல்லை, சாப்பாடு தூக்கம் கெட்டது, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் அது பர்ன்அவுட்டைத் தாண்டியது. அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். தாங்கும் மாதக் கணக்கெல்லாம் அப்புறம்.

எட்டாம் படி: இறங்குவது என்றால் எந்த வரிசையில்

விலகுவது என்று முடிவு செய்துவிட்டால் நிறையப் பேர் வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பேப்பர் போடுகிறார்கள், அப்புறம் செலவைக் குறைக்கச் சின்ன வீடு தேடுகிறார்கள். பல உரிமையாளர்கள் சம்பள ரசீது கேட்பார்கள். வேலையை விட்டவருக்கு வீடு கிடைப்பது கஷ்டம். ஆக, முதலில் மலிவான இடத்துக்கு மாறுங்கள், சம்பள ரசீது உயிரோடு இருக்கும்போதே. நிறுவனக் காப்பீடு இருக்கும்போதே பல், கண், தள்ளிப்போட்ட பரிசோதனை எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். மனநல ஆலோசனைக்கு நிறுவனம் பணம் கட்டுகிறது என்றால் அதையும். அடுத்த பங்குத் தவணை, போனஸ் தேதி இரண்டையும் காலண்டரில் பாருங்கள். ஒரு மாதம் தள்ளினால் பெரிய தொகை வரும் என்றால் அந்த மாதத்தைக் கணக்குப் போட்டு ஓட்டலாம். ஒரு வருடத்தைத் தள்ளாதீர்கள், அதற்குப் பெயர் பழைய பொறி.

சின்ன அறைக்குத் திரும்புவதில் ஒரு கூச்சம் இருக்கும். எனக்கும் இருந்தது. "என்ன, இறங்கிட்டியா?" என்று கேட்டார்கள். வாடகை பாதியானது, பத்து மாதத்தில் தாங்கும் மாதம் இரண்டில் இருந்து ஏழானது. ஏழு வந்த வாரமே ஆன்-கால் சுழற்சியில் இருந்து என்னை எடுங்கள், இல்லையென்றால் அணி மாற்றுங்கள் என்று கேட்டேன். மாற்றினார்கள். அதே கோரிக்கையை இரண்டு மாதக் கையிருப்போடு கேட்க எனக்கு வாய் வந்திருக்காது.

ஒன்பதாம் படி: நிறுவனமே அனுப்பிவிட்டால்

2022 நவம்பரில் மெட்டா 11,000 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை. திறமையான ஆட்கள், நல்ல அப்ரைசல் வாங்கியவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அதனால் "எனக்கு வராது" என்று இருக்க வேண்டாம்.

வந்த அன்றைக்குத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், படிக்க அவகாசம் கேளுங்கள். இழப்பீடு, சேர்ந்த விடுப்புக்கான பணம், காப்பீடு எந்தத் தேதி வரை, போனஸைத் திருப்பிக் கேட்பார்களா என்று நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். சம்பள ரசீதுகளையும் வேலைச் சான்றையும் சொந்த மின்னஞ்சலுக்கு மாதாமாதம் அனுப்பி வைத்திருந்தால் இப்போது தவிக்க வேண்டாம், அலுவலக மின்னஞ்சல் கணக்கைப் பெரும்பாலும் அன்றைக்கே பூட்டிவிடுவார்கள்.

விசாவில் இருப்பவர்களுக்குக் கடிகாரம் வேறு. அமெரிக்காவில் ஹெச்-1பி எனும் வேலை விசா வைத்திருப்பவருக்கு வேலை முடிந்த நாளில் இருந்து அதிகபட்சம் 60 நாள், தங்கும் அனுமதி அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அப்படிப்பட்டவர் ஆறு மாதத் தாங்குதல் சேர்ப்பதோடு, 60 நாளில் வீட்டைக் கைகழுவ ஒப்பந்தத்தில் வழி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டு உரிமையாளரிடம் மறைக்காதீர்கள். வாடகை தவறிய பிறகு சொன்னால் சாக்கு, முன்பே சொன்னால் தகவல். "இரண்டு மாதம் முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள், அதற்குள் நான் மாற்று ஆள் கொண்டுவருகிறேன்" என்று தேதியோடு ஒரு யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வீடு சும்மா கிடப்பது அவருக்கும் நஷ்டம்.

காலி செய்யும் நாள்

நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள், கிடைத்தது என்று உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். மின்சாரம், இணையம், எரிவாயு இணைப்புகளை உங்கள் பெயரில் இருந்து மாற்றுங்கள். பெட்டியெல்லாம் போன பிறகு, வீட்டைப் பெருக்கிவிட்டு, முதல் நாள் எடுத்த வீடியோவைப் போனில் ஓட்டிப் பார்த்து அதே வரிசையில் இன்னொன்று எடுங்கள். கதவு, கொக்கி, குழாய்கள், மீட்டர், கண்ணாடியின் அந்த விரிசல். இரண்டையும் சேர்த்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டு, முன்பணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு வரும் என்று அவர் எழுதிய பிறகு சாவியைக் கொடுங்கள்.